பிரசவ ரத்தப்போக்கு: கண்ணளவை நம்பலாமா? ஆய்வுகள் காட்டிய வழியும் லேபர் வார்டு நடைமுறையும்

பிரசவம் முடிந்த பிறகு ஒரு தாய்க்கு எவ்வளவு ரத்தம் போனால் அதை ஆபத்து என்று எடுத்துக்கொள்வது? பல ஆண்டுகளாக நர்சிங் பாடப் புத்தகங்களில் இருந்த பதில், 500 மில்லி. உலக சுகாதார நிறுவனமும், மகப்பேறு மருத்துவர்கள் மற்றும் மிட்வைஃப்களின் (பிரசவம் பார்க்கத் தனிப் பயிற்சி பெற்றவர்கள்) சர்வதேசக் கூட்டமைப்புகளும் சேர்ந்து 2025 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதல், அந்தப் பதிலைத் திருத்தியிருக்கிறது. 300 மில்லி ரத்தம் போயிருந்து, நாடித்துடிப்போ ரத்த அழுத்தமோ சரியில்லை என்றால், 500 ஆகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அப்போதே சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும். 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளை அலசிய பிறகு எடுத்த முடிவு இது.

கேட்பதற்கு ஒரே ஒரு எண் மாறியது போலத்தான் இருக்கிறது. ஆனால், அந்தப் பழைய 500 மில்லியையே பெரும்பாலான இடங்களில் யாரும் அளந்ததில்லை. பார்த்து, குத்துமதிப்பாகச் சொல்வதுதான் வழக்கம். அளக்காத ஒன்றுக்கு எல்லையை 300 என்று குறைத்து என்ன பயன்? அளக்கப்போவது யார்? அளந்த பிறகு மருந்தைக் கொடுக்கும் அதிகாரம் யாருக்கு? இந்தக் கேள்விகள் டாக்டரிடம் போவதற்கு முன்பே, தாயின் பக்கத்தில் நிற்கும் செவிலியரிடம் போய்விடுகின்றன. பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கால் உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 45,000 பெண்கள் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

கண்ணளவு ஏன் ஏமாற்றுகிறது?

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. குழந்தையும் நஞ்சும் வெளியே வந்ததும் கர்ப்பப்பை கல் மாதிரி இறுக வேண்டும். இறுகினால்தான் நஞ்சு ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக் குழாய்களின் வாய் மூடும். இறுகாமல் தொளதொளவென்று இருந்துவிட்டால், நல்ல உடல்நிலையில் இருந்த பெண்கூட சில நிமிடங்களில் நிலைகுலைந்துவிடுவார். தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருப்பதை ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வு காட்டியது. ரத்தசோகை இருப்பவர் உடலில் இழப்பைத் தாங்கும் இருப்பே குறைவு.

போகும் ரத்தம் ஓரிடத்தில் தேங்கி நிற்பதும் இல்லை. துணியில் ஊறும், பஞ்சில் ஊறும், பனிக்குட நீரோடு கலக்கும், மேஜைக்கு அடியில் இருக்கும் வாளியில் சொட்டும். அப்போது செவிலியரின் ஒரு கை குழந்தையிடம், இன்னொரு கை தாயிடம். "கொஞ்சம்தான் போயிருக்கு" என்று கேஸ் ஷீட்டில் ஏறும் எண் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவு. இதில் வேடிக்கை, ரத்தம் அதிகமாகப் போகப்போகக் குறைத்து மதிப்பிடுவதும் அதிகமாகிறது. அனுபவமும் இதற்கு மருந்தில்லை. இருபது வருட அனுபவம் உள்ளவரும் தவறுகிறார்.

கண்ணளவு தவறுவதைத் தெளிவாக எடுத்துக்காட்டிய ஆய்வுகளில் ஒன்று நம் பக்கத்து மாநிலத்தில் நடந்தது. கர்நாடகத்தின் பெலகாவியில் உள்ள ஜவாஹர்லால் நேரு மருத்துவக் கல்லூரியும் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றும் சேர்ந்து, தாயின் இடுப்புக்குக் கீழே விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றை உருவாக்கின. விரிப்பின் கீழ்ப்பகுதி புனல் போலக் குறுகிப் பையாக முடியும். பையின் மேல் மில்லி அளவுக் கோடுகள் இருக்கும். 2006-ல் வெளியான ஒப்பீட்டில், கண்ணால் பார்த்துச் சொன்ன அளவு, இந்தப் பையில் அளந்ததைவிடச் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது.

அதே ஆண்டு, அதே பகுதியிலிருந்து இன்னொரு ஆய்வு 'லான்செட்' இதழில் வந்தது. பெலகாவி மாவட்டக் கிராமங்களில் துணைச் செவிலியர்கள் பிரசவம் பார்த்த 1,620 பெண்களில் ஒரு பகுதியினருக்கு மிசோப்ரோஸ்டால் மாத்திரையும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்தார்கள். ரத்தப்போக்கை அளந்தது அந்தப் பையில்தான். 500 மில்லிக்கு மேல் ரத்தம் போனவர்கள் 12 சதவீதத்திலிருந்து 6.4 சதவீதமாகக் குறைந்தார்கள். லிட்டருக்கு மேல் போனவர்கள் 1.2 சதவீதத்திலிருந்து 0.2 ஆனார்கள். மாத்திரையைக் கொடுத்ததும், ரத்தத்தை அளந்ததும், எழுதி வைத்ததும் கிராமத்துத் துணைச் செவிலியர்கள். 2011-ல் இந்தப் பயன்பாட்டுக்காக மிசோப்ரோஸ்டால் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பிடித்தது. மாத்திரை உலகம் சுற்றியது. பை அந்த வேகத்தில் போகவில்லை.

பை மட்டும் போதுமா?

போகாததற்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு. ஐரோப்பாவில் 13 நாடுகளின் 78 பிரசவ மையங்களில், ரத்தம் சேகரிக்கும் பையை மட்டும் அறிமுகப்படுத்திப் பார்த்தார்கள். 25,000-க்கும் மேற்பட்ட பிரசவங்கள். 2010-ல் 'பிஎம்ஜே' இதழில் வந்த முடிவு: கடுமையான ரத்தப்போக்கு பை வைத்த இடங்களில் 1.71 சதவீதம், வைக்காத இடங்களில் 2.06 சதவீதம். புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே இல்லை.

'ஆய்வில் தோற்ற பொருள்' என்று அதோடு கோப்பை மூடியிருக்கலாம். நல்லவேளை, கேள்வியை மாற்றிக் கேட்டவர்கள் இருந்தார்கள். அளவு தெரிந்த பிறகு வார்டில் என்ன நடக்கிறது? பையில் 500 கோட்டைத் தாண்டியதைச் செவிலியர் பார்க்கிறார், சரி. பிறகு டாக்டருக்குப் போன். கர்ப்பப்பையைத் தேய்த்துவிட்டுச் சற்றுநேரம் பார்ப்பது. நிற்கவில்லையென்றால் ஆக்சிடோசின். அதற்கும் நிற்கவில்லையென்றால் அடுத்த மருந்து. "டாக்டர் வரட்டும்" என்று ஒவ்வொரு படியிலும் ஒரு காத்திருப்பு. அளவு துல்லியமாகத் தெரிந்தும் சிகிச்சை பழைய வேகத்திலேயே நகர்ந்தால், பை வேடிக்கை பார்க்கும் கருவிதான்.

மருந்துகளிலும் நேரக் கணக்கு உண்டு. ரத்தம் உறைவதற்கு உதவும் டிரானெக்சாமிக் அமிலத்தை 1960-களில் ஜப்பானில் உருவாக்கியவர்கள் ஒகமோட்டோ தம்பதி. பிரசவ ரத்தப்போக்கில் அது உயிர் காக்கிறதா என்பதை 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் சோதித்த பெரிய ஆய்வின் முடிவு வர 2017 ஆயிற்று. (கண்டுபிடித்தவர்களில் ஒருவரான உட்டாகோ ஒகமோட்டோ அதற்கு முந்தைய ஆண்டு 98 வயதில் காலமாகிவிட்டார்.) பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தவர்களிடம், ரத்தப்போக்கால் ஏற்பட்ட இறப்பு 1.7 சதவீதத்திலிருந்து 1.2 ஆகக் குறைந்தது. தாமதமாகும் ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் பலன் சுமார் 10 சதவீதம் தேய்கிறது என்று பின்னர் வந்த அலசல் காட்டியது. எல்லாம் முயன்று பார்த்துவிட்டுக் கடைசியில் கையில் எடுக்க வேண்டிய மருந்து இது அல்ல என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, ஒரே மூச்சில்

2023 மே மாதம் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியான 'இ-மோட்டிவ்' ஆய்வு இந்த இடத்தில்தான் கை வைத்தது. பிரிட்டனின் பர்மிங்காம் பல்கலைக்கழகம் தலைமையில் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில், சுகப்பிரசவமான 2,10,132 பெண்களிடம் நடந்தது.

அதில் புதிய மருந்து எதுவும் இல்லை. எல்லாமே ஏற்கெனவே அலமாரியில் இருந்தவை. பிரசவமானதும் கோடு போட்ட விரிப்பு. முதல் ஒரு மணி நேரத்துக்கு 15 நிமிடத்துக்கு ஒருமுறை ரத்தம், கர்ப்பப்பையின் இறுக்கம் ஆகியவற்றைப் பார்த்துப் பதிவது. எல்லைக் கோட்டைத் தாண்டியதும் கர்ப்பப்பையைத் தேய்த்துவிடுவது, ஆக்சிடோசின், டிரானெக்சாமிக் அமிலம், டிரிப், கிழிசல் ஏதும் இருக்கிறதா என்ற பரிசோதனை எல்லாம் வரிசையில் நிற்காமல் ஒரே மூச்சில். அதற்கும் ரத்தம் நிற்காவிட்டால் மேல் சிகிச்சைக்கு அழைப்பு.

முடிவு? 1,000 பெண்களில் கடுமையான ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறந்து அறுவைசிகிச்சை, அதனால் மரணம் என மூன்றில் ஏதாவது ஒன்றைச் சந்தித்தவர்கள், வழக்கமான முறையில் 43 பேர்; புதிய முறையில் 16 பேர். செய்திகளில் வந்த '60 சதவீதம் குறைவு' இதுதான். அதைவிடச் சுவாரசியமான இரண்டு எண்கள் உண்டு. பழைய முறையில், ரத்தப்போக்கு இருந்த பெண்களில் 51 சதவீதம் பேருக்குத்தான் அது கண்டறியப்பட்டது. கிட்டத்தட்ட பாதிப் பேரை யாரும் கவனிக்கவே இல்லை. புதிய முறையில் 93 சதவீதம். முழு சிகிச்சையும் கிடைத்தவர்கள் 19 சதவீதத்திலிருந்து 91 ஆனார்கள்.

இந்த 19, 91 ஆனது சுற்றறிக்கை அனுப்பியதால் அல்ல. ஒவ்வொரு மருத்துவமனையிலும் செவிலியர்களையும் மிட்வைஃப்களையும் முதலில் உட்காரவைத்து, எங்கே சிக்குகிறது என்று கேட்டார்கள். பல இடங்களில் சிக்கல் சாவிக்கொத்தில் இருந்தது. மருந்து ஓர் அறையில், ஊசி இன்னோர் அறையில், சாவி வேறொருவரிடம். எல்லாவற்றையும் ஒரே தள்ளுவண்டியில் வைத்தார்கள் (குளிர்பதனப் பெட்டியில் இருக்க வேண்டிய ஆக்சிடோசின் தவிர). பயிற்சியை ஊர்விட்டு ஊர் அழைத்து மண்டபத்தில் நடத்தாமல் அதே வார்டில், அதே குழுவுக்கு, பொம்மையை வைத்து நடத்தினார்கள். ஊழியர்களில் ஒருவரை முன்னின்று நடத்துபவராக ஆக்கினார்கள். மாதாமாதம் அவர்கள் வார்டின் எண்களை அவர்களுக்கே காட்டினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கோட்டைத் தாண்டிவிட்டால் பக்கத்தில் இருப்பவரே சிகிச்சையைத் தொடங்கலாம் என்றார்கள். டாக்டரைக் கூப்பிடுவது சிகிச்சையோடு சேர்ந்து நடக்கும். அதற்கு முன்நிபந்தனை அல்ல.

ஐரோப்பிய ஆய்வில் இருந்த அதே பைதான் இங்கும். மாறியது பையைச் சுற்றி நடந்தவை. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரிலேயே இந்த முறையைப் பரிந்துரைத்துவிட்டது.

இந்த ஆய்வு சொல்லாதவை

இந்த எண்களை அப்படியே தூக்கித் தமிழ்நாட்டுக்குப் பொருத்த முடியாது. ஆய்வு சுகப்பிரசவங்களில் மட்டும் நடந்தது. ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். ஆபரேஷன் தியேட்டரில் ரத்தத்தை அளக்கும் கணக்கே வேறு. அங்கே இந்த விரிப்பு உதவாது. தமிழ்நாட்டின் தாய் இறப்பு விகிதமும் (2018-20 கணக்கில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 54, இந்தியா 97) ஆய்வு நடந்த நைஜீரியாவோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு. இறப்பை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், உறுதியாக எதையும் சொல்லும் அளவுக்கு 'இ-மோட்டிவ்' எண்கள் போதாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனால், தமிழ்நாட்டில் 24 மணி நேரமும் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களின் பலமே மூன்று ஷிப்டிலும் செவிலியர்கள் இருப்பதுதான். நள்ளிரவில் அங்கு சுகப்பிரசவம் பார்ப்பவர் பெரும்பாலும் செவிலியர். ரத்தம் போகிறதா, 108-ஐக் கூப்பிடலாமா என்று முதலில் முடிவெடுப்பவரும் அவரே. அந்த முடிவு கண்ணளவில் நடக்கிறதா, கோட்டளவில் நடக்கிறதா என்பதில் சில உயிர்கள் தொங்குகின்றன. மாநிலத்தின் எண் 54 என்பதால் அந்த ஒரு தாய்க்கு ஆபத்து குறைந்துவிடாது.

விட முடியாத பழக்கங்கள்

புதிதாக ஒன்றைச் சேர்ப்பதைவிடப் பழையதை விடுவது கஷ்டம். பிரசவத்துக்கு முன் எனிமா, சவரம், முதல் பிரசவம் என்றாலே கத்தரிப்பது, குழந்தை வெளியே வருவதற்காக வயிற்றின் மேல் அழுத்துவது ஆகிய எதையும் வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று 2018-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. வயிற்றை அழுத்தும் பழக்கம் இன்னும் பல லேபர் வார்டுகளில் உண்டு. "சீக்கிரம் முடியட்டுமே" என்பதுதான் அதற்கான ஆதாரம்! ஆய்வுகள் புதியவற்றுக்கும் தடை போடும். ரத்தசோகை உள்ள தாய்மார்கள் எல்லோருக்கும் முன்னெச்சரிக்கையாக டிரானெக்சாமிக் அமிலம் போட்டுவிடலாமே என்ற யோசனையை 15,000 பெண்களிடம் சோதித்தார்கள். ரத்தப்போக்கு குறையவில்லை. வந்த பிறகு உடனே கொடுப்பதுதான் பலன் தருகிறது.

பாடத்தில் இருக்கிறது, வார்டில்?

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் கொண்டுவந்த பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் ஆராய்ச்சியும் புள்ளியியலும் தனிப் பாடம். ஆதாரம் சார்ந்த செவிலியப் பணி என்பது பாடத்தில் இருக்கிறது. பொம்மைகளை வைத்துப் பயிற்சி பெறும் ஆய்வகங்களும் உண்டு. 1947-ம் ஆண்டின் நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் தேசிய செவிலியர், மகப்பேறு செவிலியர் ஆணையச் சட்டமும் வந்துவிட்டது. ஏட்டில் குறை சொல்ல அதிகமில்லை.

குறை வேறு இடத்தில். நர்சிங் கல்லூரிகளில் மாணவிகள் செய்யும் ஆய்வுத் திட்டங்களின் தலைப்புகளைப் புரட்டினால் ஒரே அச்சு தெரியும்: ஏதோ ஒரு நோயைப் பற்றி, ஏதோ ஓர் ஊரில், ஐம்பது அறுபது பேரிடம், 'திட்டமிட்ட கற்பித்தல்' தருவதற்கு முன்பும் பின்பும் அறிவை அளப்பது. சொல்லிக்கொடுத்தால் மதிப்பெண் கூடும். கூடாமல் எப்படி இருக்கும்? முன்பே விடை தெரிந்த கேள்விக்கு ஒரு வருடம் உழைத்து, பைண்டிங் போட்டு, அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அதே மாணவி பயிற்சிக்குப் போகும் வார்டில், ஒரு வாரம் கண்ணளவையும் பையளவையும் ஒப்பிட்டு எழுதினால், அது சின்ன ஆய்வுதான். ஆனால் அந்த வார்டுக்கு உபயோகம். ஐரோப்பாவில் பை ஏன் பலிக்கவில்லை, ஆப்பிரிக்காவில் ஏன் பலித்தது என்று இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தெரிவது, புள்ளியியல் சூத்திரங்களை மனப்பாடம் செய்வதைவிடப் பெரிய பாடம். படிக்கப் பொருள் இல்லை என்ற சாக்கும் பழையதாகிவிட்டது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் நூலகத்தை 2007-லேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பணம் கட்டி நாடு முழுவதற்கும் திறந்துவிட்டது. எளிய சுருக்கங்கள் சில தமிழிலும் உண்டு.

வார்டில் கற்றுக்கொள்ளும் மாணவிக்கு இன்னொரு பாடமும் சேர்ந்தே கிடைக்கிறது. "புக்குல அப்படித்தான் இருக்கும், இங்க இப்படித்தான் செய்யணும்" என்பது. அதைச் சொல்லும் சீனியர் சிஸ்டரைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஒரே நேரத்தில் மூன்று பிரசவங்களைப் பார்ப்பவருக்கு 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துப் பதிய நேரம் எங்கே? பயிற்சி பெற்றவர் அதே வார்டில் நிலைத்து இருப்பதும் நிச்சயமில்லை. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்த ஆயிரக்கணக்கான செவிலியர்கள், நிரந்தரம் செய்யக் கோரி 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் போராட்டம் நடத்தினார்கள். ஒப்பந்தம் முடிந்தால் வேறு ஊர், வேறு வேலை என்றிருப்பவரோடு பயிற்சியும் கிளம்பிவிடும்.

பதிவேட்டில் ஏறும் எண்

எந்த மருத்துவமனை நாளை இந்தப் பையைப் பயன்படுத்தத் தொடங்கினாலும், முதல் மாதம் அதன் பதிவேட்டில் ரத்தப்போக்கு 'அதிகரித்துவிடும்'. நோய் கூடியதால் அல்ல. இதுவரை பாதிப் பேரைத் தவறவிட்டதால். எல்லை 300-க்கு இறங்கினால் எண் இன்னும் ஏறும். மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் அந்த எண்ணைப் பார்க்கும் அதிகாரி "உங்க சென்டர்ல மட்டும் ஏன் இவ்வளவு?" என்று செவிலியரை நிற்கவைத்துக் கேட்டால், அடுத்த மாதமே பை மடித்து அலமாரிக்குப் போய்விடும், 'சுமார் 200 மில்லி' பதிவேட்டுக்குத் திரும்பிவிடும். தாய் இறப்புகளை ஒவ்வொன்றாக விசாரித்துப் பதிவதில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி. அந்த விசாரணையில் இனி கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு கூடியிருக்கின்றன: ரத்தம் எத்தனை மணிக்கு 300-ஐத் தாண்டியது? முதல் மருந்து எத்தனை மணிக்கு ஏறியது? இரண்டுக்கும் இடையில் டாக்டரின் அனுமதிக்காகக் காத்திருந்த நேரம் இருந்தால், அதை நீக்க ஓர் எழுத்துப்பூர்வ உத்தரவு தேவை. அது இல்லாத வரை, பையைப் பார்த்துத் தானே மருந்தைத் தொடங்கிய செவிலியர் எல்லை மீறியவர் ஆகிறார். காத்திருந்தவர் விதிப்படி நடந்தவர் ஆகிறார்.